ஸ்காபரோவில் டக்ட், பள்ளிக்கரணையில் ஸ்பிளிட்

ஒரு மே மாதம், கல்யாணத்துக்காக டொரண்டோவிலிருந்து வந்த சித்தி மகள் சென்னை பள்ளிக்கரணையிலுள்ள எங்கள் ஃபிளாட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். ஹாலில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்: "அண்ணா, வீட்டுக்கு ஏசி போடலையா? ரூமுக்கு மட்டும்தான் போட்டிருக்கீங்களா?"

குத்திக் காட்ட வேண்டும் என்று கேட்கவில்லை. டொரண்டோவின் ஸ்காபரோ பகுதியில் பதினைந்து வருடமாக இருக்கிறாள். அங்கே ஏசி என்றால் வீட்டுக்கு. இங்கே ஏசி வாங்கப் போனால் கடைக்காரர் கேட்பதே "எந்த ரூமுக்கு சார், என்ன சைஸ்?" என்பதுதான். ஒரே எந்திரம், ஒரே தத்துவம். ஆனால் அவள் ஊர் வீட்டுக்கு அது பொருந்துகிற விதம் வேறு, என் ஊர் வீட்டுக்குப் பொருந்துகிற விதம் வேறு. கல்யாண அலைச்சல் முடிந்த இரண்டு மூன்று ராத்திரிகள் நாங்கள் இதையேதான் பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்துத் தெருவில் ஒருவர் புது வீடு கட்டிக்கொண்டு, "டக்ட் போடலாமா, ஸ்பிளிட்டே போதுமா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்த நேரமும் அது.

ஸ்பிளிட்டை விளக்க வேண்டியதில்லை. சுவரில் ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி. நடுவில் செப்புக் குழாய் இரண்டு, ஒயர் ஒன்று, தண்ணீர் போக டிரெய்ன் பைப் ஒன்று. சுவரில் மூன்றங்குல ஓட்டை போட்டால் வேலை முடிந்தது. டக்ட் ஏசியை நாம் வீட்டில் பார்த்திருக்க மாட்டோம். தியேட்டரிலும் மாலிலும் பெரிய கல்யாண மண்டபத்திலும் தலைக்கு மேலே பார்த்திருப்போம். ஓரிடத்தில் காற்றைக் குளிரவைத்து, தகரக் குழாய் வழியாக எல்லா இடத்துக்கும் அனுப்பி, சூடான காற்றைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு. வீட்டு அளவுக்குச் செய்ததை நம் ஊர் டீலர்கள் 'டக்டபிள்' என்பார்கள். ஸ்பிளிட்டில் பயணம் போவது கேஸ். டக்டில் பயணம் போவது காற்று. மற்ற வித்தியாசமெல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான்.

முதலில் ஸ்காபரோ. அங்கே வீட்டுக்குள் தகரக் குழாய்கள் வந்தது குளிரூட்டுவதற்காக அல்ல, குளிர்காலத்துக்காக. பேஸ்மென்ட்டில் ஃபர்னஸ் எரிகிறது. அதன் சூடான காற்று தரையிலுள்ள கம்பித் திறப்புகள் வழியாக ஒவ்வோர் அறைக்கும் ஏறுகிறது. ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி வரை போகும் ஊரில் அது உயிர்ப் பிரச்சினை. ஏசி வந்தபோது அந்த ஃபர்னஸ் தலையிலேயே ஒரு குளிர் காயிலை உட்காரவைத்தார்கள். விசிறியும் குழாயும் ஏற்கெனவே இருந்தன. பனிக்காலம் போட்டு வைத்த பாதையில் கோடைக்காலம் இலவசமாகப் பயணம் செய்கிறது என்று சொல்லலாம்.

அதற்கும் விலை உண்டு. குழாய் பரண் மாதிரியான சூடான இடத்தில் ஓடினால், மூட்டுகளில் கசிந்தும் வழியில் சூடேறியும், குளிரூட்டச் செலவாகும் மின்சாரத்தில் முப்பது சதவீதத்துக்கு மேல்கூட வீணாகலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்கிறது. சித்தி மகள் சொன்னது இன்னும் நடைமுறைக் கதை. கனடா போன புதிதில் அவளும் கணவரும் ஒரு வீட்டு பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருந்தார்கள். தெர்மோஸ்டாட் மேலே, வீட்டுக்காரர் ஹாலில். கோடையில் மேல்மாடிப் படுக்கையறை குளிரவேண்டும் என்று அவர் குறைத்து வைப்பார். குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கும். "ஜூலை மாசம், வெளியே முப்பது டிகிரி, நாங்க கீழே ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருப்போம்" என்றாள். மேலே கருவாடு வறுத்தால் கீழே சட்டையெல்லாம் மணக்குமாம். காற்று பயணம் போகும் வீட்டில் வாசனையும் டிக்கெட் இல்லாமல் ஏறிக்கொள்ளும்.

குளிர்காலத்தில் வீடு முழுவதையும் சூடேற்றும் பழக்கம் பெரிதாக இல்லாத ஜப்பானில்தான் ஸ்பிளிட் வேரூன்றி வளர்ந்தது. கம்ப்ரஸர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்டர் நுட்பமும் 1980களின் தொடக்கத்தில் அங்கிருந்தே வீட்டு ஏசிகளுக்கு வந்தது. அவர்களும் அறை அறையாக வாழ்கிறவர்கள். நாமும் அப்படித்தான்.

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். இருபது முப்பது வருடத்துக்கு முன்பு சென்னைப் புறநகரில் கோடை ராத்திரி என்றால் மொட்டை மாடி. சாயங்காலம் தரையில் தண்ணீர் தெளித்து, கோரைப்பாய் விரித்து, வீடே வரிசையாகப் படுத்திருக்கும். கத்திரி வெயில் நாட்களில் இப்போது எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? அம்மா கட்டிலில், பிள்ளைகள் கீழே பாயில், விருந்தாளி வந்தால் கதவோரம் இன்னொரு மெத்தை. ஏசி இருக்கும் அந்த ஒரு அறைக்குள் வீடு முழுவதும் வந்துவிடுகிறது. மொட்டை மாடியின் வேலையை ஒரு பெட்ரூம் செய்கிறது. மற்ற அறைகள் இருட்டாக, சூடாக, காலியாகக் கிடக்கின்றன. இப்படி வாழ்கிற குடும்பத்துக்கு வீடு முழுக்கக் குளிர்காற்றை அனுப்பும் குழாய் எதற்கு?

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். எங்கள் ஃபிளாட் 980 சதுர அடி. ஒரு டீலர் வந்து அளந்து, டக்டபிள் என்றால் நான்கு டன் வேண்டும் என்றார். டன் என்ற இந்த அளவு எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பதில்லை. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகி முடிக்க எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுதான் ஒரு டன் குளிர்ச்சி. மணிக்கு 12,000 பி.டி.யூ., சுமார் மூன்றரை கிலோவாட். அது அமெரிக்க டன், 907 கிலோ. அமெரிக்க ஐஸோடு நம் ஊருக்குப் பழைய தொடர்பு உண்டு. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய ஐஸை ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி கப்பலேற்றி இங்கே அனுப்பினார். அதைச் சேர்த்து வைக்க 1842-ல் கட்டியதுதான் கடற்கரைச் சாலை ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். அந்த டன் கணக்கில் பார்த்தால், ஒன்றரை டன் ஏசி எட்டு மணி நேரம் முழு மூச்சில் ஓடுவது, அறைக்குள் 450 கிலோ ஐஸை உருகவிடுவதற்குச் சமம். நான்கு டன் என்றால் ஒரே ராத்திரியில் 1,200 கிலோவைத் தாண்டும். நாலு பேர் தூங்குவதற்கு.

எங்கள் ஒன்றரை டன் இன்வெர்டர் ஸ்பிளிட் 25 டிகிரியில் ஒரு ராத்திரிக்கு ஐந்து, ஆறு யூனிட் இழுக்கிறது. மீட்டரைப் படுக்கும் முன்பும் விடிந்த பின்பும் நானே பார்த்து எழுதியது. இரண்டு மாத பில்லில் 300 முதல் 360 யூனிட். நான்கு டன் டக்டபிள் பாதிச் சுமையில் ஓடினாலும் ராத்திரிக்குப் பதினெட்டு யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஒவ்வோர் அறைக்கும் டாம்பர் வைத்து வேண்டாத அறையை அடைக்கலாம். அதற்குத் தனிச் செலவு, தனிக் கோளாறு. மின்வாரியக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படியில் மலிவாகக் கிடைத்த யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும் என்பது பலருக்கு பில் வந்த பிறகுதான் தெரிகிறது. ஒரு ஸ்பிளிட் வீடு அந்த 500 என்ற வரப்பின் மேல் பார்த்துப் பார்த்து நடக்கலாம். டக்ட் வீடு வரப்பைத் தாண்டி எங்கோ போய்விடும். சிங்கிள் ஃபேஸ் இணைப்பு போதாமல் த்ரீ ஃபேஸுக்கு மனுக் கொடுக்கவும் வேண்டிவரலாம்.

ஸ்டார் லேபிளில் போட்டிருக்கும் வருடாந்திர யூனிட்டை நம்பிக் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த எண் வருடத்துக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. எட்டு மணி வீதம் இருநூறு ராத்திரி. பிப்ரவரி கடைசியில் ரிமோட்டைத் தேடத் தொடங்கி நவம்பர் மழை வரை கீழே வைக்காத பள்ளிக்கரணைக்கு அது எப்படிப் போதும்?

வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் இந்த ஊரில் ஏசி உண்மையில் மல்லுக்கட்டுவது ஈரத்தோடு. 1902-ல் புரூக்ளினில் வில்லிஸ் கேரியர் அமைத்த முதல் எந்திரமே ஆட்களைக் குளிரவைப்பதற்கு வந்ததல்ல. ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தில் தாள் உப்பி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாமல் போயின. அந்த ஈரத்தை அடக்கத்தான் அது வந்தது. வங்கக் கடல் ஒரு பக்கம், 2022-ல் உலக ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்புநிலம் மறு பக்கம் என்று இருக்கும் எங்கள் ஊரில் அந்த அச்சகக்காரர் கடை வைத்திருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டார். சதுப்பில் 1,247 ஹெக்டேருக்கு மேல் ராம்சர் எல்லைக்குள் வருகிறது. முன்பு பரப்பு இதைப்போலப் பல மடங்கு. நாங்கள் குடியிருப்பதே அந்த ஈரத்தின் பழைய இடத்தில்தான்.

ஒரு ராத்திரி டிரெய்ன் பைப்புக்குக் கீழே பதினைந்து லிட்டர் பக்கெட் ஒன்றை வைத்தேன். காலையில் முக்கால் பக்கெட் தண்ணீர். யாரும் ஊற்றியதல்ல; மூடிய ஓர் அறையின் காற்றிலிருந்தும், கதவிடுக்கு வழி உள்ளே வந்த காற்றிலிருந்தும், தூங்கியவர்களின் மூச்சிலிருந்தும் இறங்கியது. எங்கள் ஊரிலேயே வேளச்சேரி–தாம்பரம் சாலையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் 2005-ல் லட்சத்தீவின் கவரட்டியில் இதே தத்துவத்தைப் பெரிய அளவில் செய்து காட்டியது: ஆழ்கடலின் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவந்து, அதைக் கொண்டு நீராவியைக் குளிரவைத்து, நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர். என் பக்கெட் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினேன். மின்வெட்டுக்கு வைத்திருக்கும் இன்வெர்டர் பேட்டரிக்கு ஊற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். காயிலின் தூசியும் உலோகமும் கலந்த தண்ணீர், வேண்டாம்.

இந்த ஈரத்தில் டக்டுக்கு என்ன நேரும் என்பதை மேடவாக்கம் பக்கம் தனி வீடு கட்டிய நண்பர் வீட்டில் பார்த்தேன். அழகான ஃபால்ஸ் சீலிங், அதில் நீளவாக்கில் மெல்லிய காற்றுத் திறப்புகள். சுவரில் பெட்டி எதுவும் துருத்திக்கொண்டிருக்காது. இரண்டாவது கோடையில் அந்தத் திறப்புகளின் ஓரம் டீக்கறை மாதிரி பழுப்பு படர ஆரம்பித்தது. ஒப்பந்தக்காரர் மூட்டுகளில் இன்சுலேஷனைச் சரியாகச் சுற்றவில்லை. குளிர்ந்த தகரத்தின் மேல் ஈரக்காற்று பட்டு வியர்த்து, ஜிப்சம் பலகையில் சொட்டி, பூஞ்சை பிடித்துவிட்டது. பலகையைக் கழற்றிய ஆள் ஏணியிலிருந்து இறங்கி வந்து சொன்னது: "சார், உள்ள எலி பாதை போட்டு வெச்சிருக்கு." ஸ்பிளிட்டின் குழாய் வியர்த்தால் கண்ணுக்குத் தெரியும், அன்றைக்கே டேப் சுற்றலாம். டக்ட் வியர்ப்பது கூரைக்குள். தெரியவரும்போது வேலை பெரிதாகியிருக்கும்.

உயரமும் ஒரு சங்கதி. அடுக்குமாடியில் தரையிலிருந்து கூரை வரை பத்தடிக்குள்தான் இருக்கும். டக்ட், இன்சுலேஷன், அதை மறைக்கும் சீலிங் என்று ஓரடிக்கு மேல் போய்விட்டால் மின்விசிறி தலைக்கு வந்துவிடும். நம் வீட்டில் மின்விசிறி சுற்றாமல் ஏசி ஓடுவதில்லை. 26 டிகிரி வைத்து விசிறியை மெதுவாகச் சுற்றவிடுவதுதான் பில்லைக் குறைக்கும் வழி. அந்த விசிறிக்கு இடமில்லாத ஏற்பாடு எனக்கு வேண்டாம்.

டக்டுக்கு ஒன்றுமே ஆதரவாகச் சொல்ல முடியாதா? முடியும். ஸ்பிளிட்டின் வலைஃபில்டர் தூசியைப் பிடிக்கும், புகையைப் பிடிக்காது. டக்டில் தடித்த ஃபில்டரை நுழைக்க இடமுண்டு, வெளிக்காற்றை வடிகட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவும் வழியுண்டு. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைக்கிடங்கு பற்றி எரிந்த நாட்களில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்குப் புரிந்தது. ஜன்னலைத் திறந்தால் புகை, மூடினால் புழுக்கம். ஸ்பிளிட் உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றும். நாலு பேர் கதவடைத்துத் தூங்கிய அறையில் விடியற்காலையில் தலை கனப்பது அதனால்தான். ஆஸ்துமாக்காரர் வீட்டில் இருந்தால், பெரியவர்கள் பகல் முழுக்க எல்லா அறையிலும் புழங்குகிறவர்களாக இருந்தால், பதினோரடிக் கூரையோடு சொந்த மனையில் புதிதாகக் கட்டுவதாக இருந்தால், கையில் காசும் இருந்தால் டக்டைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் சமையலறைப் பக்கம் காற்றைத் திரும்ப இழுக்கும் வாய் இருக்கக் கூடாது. மிளகாய் தாளிப்பு பெட்ரூம் வரை வந்து எல்லாரையும் தும்ம வைக்கும். புது வீட்டுக்காரரிடம் நான் சொன்னதும் இவ்வளவுதான். அவர் ஸ்பிளிட்டுக்கே போனார். ஆனால் சுவர் பூசும் முன்பே மூன்று அறைக்கும் செப்புக் குழாயும் டிரெய்ன் பைப்பும் உள்ளே பதித்துவிட்டார். அது நல்ல யோசனை.

சிங்கப்பூர் அடுக்குமாடிகளில் இருக்கும் நம்மவர்கள் ஒரு நடுவழி வைத்திருக்கிறார்கள்: வெளியே ஒரே பெட்டி, உள்ளே இரண்டு மூன்று அறைக்குத் தனித்தனிப் பெட்டி. இடம் மிச்சம், ஆனால் வெளிப்பெட்டி படுத்தால் வீடே வியர்க்கும். இங்கே உதிரிபாகத்துக்கும் ஆளுக்கும் காத்திருக்க வேண்டிய நாளைக் கணக்கில் வைத்தால் எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை.

ஆக, பள்ளிக்கரணை ஃபிளாட்டுக்கு ஸ்பிளிட். ஆனால் எல்லாப் பள்ளிக்கரணை ஃபிளாட்டுக்கும் இல்லை. மேல்தளத்தில் இருக்கிறவர் ஏசி கடைக்குப் போகும் முன் மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சோ கூல் டைல்ஸோ போட்டுவிட வேண்டும். நாள் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் ராத்திரி பதினொரு மணிக்கும் அறைக்குள் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும், எத்தனை டன் போட்டாலும் போதாது. பயந்துகொண்டு 120 சதுர அடிக்கு ஒன்றரை டன் போடுகிறவர்களும் உண்டு. அது சட்டென்று குளிரவைத்துவிட்டு ஓய்ந்துவிடும், ஈரத்தை இறக்க நேரமிருக்காது. உடம்பு சில்லென்றும் பிசுபிசுவென்றும் இருக்கும். பதினொரு மாத ஒப்பந்தத்தில் வீடு மாறிக்கொண்டே இருக்கிற வாடகைக்காரர் விண்டோ ஏசியையே பார்க்கலாம். ஸ்பிளிட்டைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் கேஸும் காசும் போகும்.

எல்லாவற்றையும்விட, வெளிப்பெட்டி எங்கே நிற்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. கடையில் நாம் பார்ப்பது சுவரில் மாட்டும் வெள்ளைப் பெட்டியை. பாடுபடுவது மற்றது. கடற்காற்றின் உப்பும் சதுப்புப் பக்கத்து வாயுவும் சேர்ந்து காயிலை அரிக்கும். பல்லி உள்ளே புகுந்து போர்டை ஷார்ட் செய்துவிட்டுச் செத்துக்கிடக்கும். எங்கள் பிளாக்கில் நாலாவது மாடியில் வெளிப்பெட்டியைத் தாங்க ஸ்லாப் இல்லை, வெறும் பிராக்கெட்தான். சர்வீஸுக்கு வந்த பையன் ஒரு காலை ஜன்னல் கிரில்லிலும் மறு காலை சன்ஷேடிலும் வைத்து, பல்லில் ஸ்பானரைக் கடித்துக்கொண்டு, ஒரு கையால் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக் கழுவினான். பெல்ட் இல்லை. "பழக்கம்தான் சார்" என்றான். அதைப் பார்த்த பிறகு என் வெளிப்பெட்டியை, குழாய் கொஞ்சம் நீண்டாலும் பரவாயில்லை என்று, ஆள் நின்று வேலை செய்யக்கூடிய பால்கனிக்குள் மாற்றிவிட்டேன்.

தரைத்தளத்தில் இருக்கிறவர்கள் வெளிப்பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2015 டிசம்பரில் தெருவில் நின்ற தண்ணீரையும், 2023 டிசம்பர் 4-ல் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த தண்ணீரையும் பார்த்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். கேட்டைத் தட்டிக் கேளுங்கள், சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். பிராக்கெட்டை அந்தக் கைக்கு ஓரடி மேலே அடியுங்கள்.